பச்சைப் பொட்டு நிற்கும் இடம்

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே லக்சனா கமராவைப் போட்டுவிடுவாள். வாசலில் நின்றபடி, "ஆற்ற போனுக்குப் படம் விழவேணும்?" என்று கேட்பாள். வீட்டார் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். பிறகு யாராவது ஒருவர் போனை நீட்டுவார். அவள் அதில் ஏதோ ஒன்றை இறக்கி, போனையும் கமராவையும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கமராத் திரையின் மூலையையே பார்த்து நிற்பாள். அங்கே ஒரு பச்சைப் பொட்டு மினுங்கும். மினுங்கினால் கமரா போனைத் தேடுகிறது. அசையாமல் நின்றால் பிடித்துவிட்டது. "நிண்டிட்டுது," என்பாள். அதன் பிறகுதான் செருப்பு.

லக்சனா என் தங்கை. வயது இருபத்தொன்பது. திருகோணமலை உட்துறைமுகப் பக்கத்தில் ஒன்பதடிக்குப் பத்தடி அறை ஒன்றுதான் அவளுடைய ஸ்டூடியோ. பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீடுகளில் பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பதைப் படம் எடுக்கப் பெண் ஒருத்தி வேண்டும் என்று தாய்மார் நினைப்பதால் நிலாவெளி, சல்லி, அன்புவழிபுரம் என்று எல்லாப் பக்கமும் அவளைக் கூப்பிடுவார்கள். என் ஓட்டோவில்தான் போவாள். எனக்கு ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அவளுக்கும் இந்த வேலையை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கமராவோடு வந்த சின்னப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நாற்பது நாளில் படித்து முடித்தாள். இப்போது, பந்தலில் பின்வரிசையில் இருப்பவர் எட்டிப் பார்ப்பதற்குள் கனடாவில் இருக்கும் பெரியம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "சீலை நிறம் காணாது" என்று குறை சொல்லி முடித்திருப்பார்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கமரா ஒருமுறை பழகிய போனின் பெயரை மறக்காது. அந்தப் போன் பக்கத்தில் வந்தால், பைக்குள் மூடிக் கிடந்தாலும், தானாகவே பிடித்துக்கொண்டு புதிதாக எடுத்த படங்களை அனுப்பிவிடும். வேலை முடிந்ததும் பெயரை வெட்டிவிட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. லக்சனா வெட்டமாட்டாள். நல்ல காரியம் நடந்த வீட்டின் பெயரை நாங்களாக வெட்டுவதா என்பாள்.

போன வைகாசியில் சல்லியில் தவராசாவின் மகளுக்குச் சாமத்திய வீடு. படங்கள் தவராசாவின் போனில்தான் விழுந்தன. ஆவணியில் அவர் தனியாகக் கடலுக்குப் போனார். மூன்றாம் நாள் புல்மோட்டைப் பக்கம் படகு மட்டும் கிடைத்தது. சல்லியில் தொழிலுக்குப் போகிறவர்கள் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போவார்கள். அதனால் போனும் அவரோடு போய்விட்டது என்றே ஊர் முழுக்க நினைத்தது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமைகளில் லக்சனா சல்லி அம்மன் கோயிலுக்குப் போவாள். திரும்பும்போது கரையில் சிறிது நேரம் நிற்போம், அவள் கடலைப் படம் எடுப்பாள். ஐப்பசியில் ஒரு வெள்ளி, பின்னேரம் நாலரை மணி. வேலியோரம் ஓட்டோவை விட்டிருந்தேன். காற்று விழுந்து, கடல் எண்ணெய் வார்த்ததுபோலக் கிடந்தது. மடியில் கமராவை வைத்து அன்று எடுத்த படங்களைத் தட்டிக்கொண்டிருந்தவள், கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, நிண்டிட்டுது."

பொட்டு அசையாமல் நின்றது. நான் சுற்றிப் பார்த்தேன். ஆள் இல்லை. கவிழ்த்து வைத்த இரண்டு படகு, காயப்போட்ட வலை, அதற்கப்பால் தண்ணீர். திரையில் போனின் பெயர் எழுதியிருந்தது: தவராசா.

லக்சனா கமராவை அணைத்து, மின்கலத்தையும் கழற்றினாள். அதற்குள் பதினொரு படம் போய்விட்டது. வீடு வரும்வரை மின்கலத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டே வந்தாள். அடுத்த வெள்ளி அவள் கோயிலுக்கு வரவில்லை.

கார்த்திகை பிறந்து இரண்டாம் செவ்வாய், காலை பத்து மணிக்குத் தவராசாவின் மனைவி புஸ்பராணி ஸ்டூடியோவுக்கு வந்தார். நெற்றியில் அகலமாகக் குங்குமம். கதிரையில் இருந்ததும், மார்போடு அணைத்து வந்த துவாயை மடியில் வைத்துப் பிரித்தார். உள்ளே தவராசாவின் போன்.

அவர் மெல்லிய குரலில் சொன்னார். தவராசா கடலுக்குப் போன அன்று விடிய, மகள் படம் பார்த்துப் போனில் சார்ஜ் இல்லை. தான்தான் அதைச் சார்ஜில் செருகி வைத்துவிட்டு, "விட்டிட்டுப் போங்கோ" என்று புருசனை அனுப்பினார். போன் கையில் இருந்திருந்தால் யாரையாவது கூப்பிட்டிருப்பார் என்று புருசனின் ஆட்கள் சொல்வார்களே என்று பயந்து, அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் ஒளித்து, ஒவ்வொரு நாளும் களவாகச் சார்ஜ் ஏற்றி வந்திருக்கிறார். அவரது அலுமாரி கடற்கரைப் பக்கச் சுவரோடு நிற்கிறது. அந்தச் சுவரோடுதான் நான் ஓட்டோ விடும் வேலி.

பிறகு படங்கள் வரத் தொடங்கின.

ஒவ்வொன்றாகக் காட்டினார். விடியற்காலைக் கடல். ஆளில்லாத இறங்குதுறை. படகு மூக்கில் ஒரு காகம். எல்லாம் தவராசா காணாமற்போன பிறகு எடுத்தவை, திகதி இருந்தது. கடைசிப் படத்தில் ஒரு பெண் முழங்கால் தண்ணீரில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"இது நான், தங்கச்சி. எனக்குப் பின்னுக்கு நிண்டு எடுத்திருக்கிறார்."

அந்தப் படத்தை லக்சனா எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீரில் நிற்பவர் யார் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

புஸ்பராணி வேறொரு படத்தைப் பெரிதாக்கினார். கடலுக்குள் நிற்கும் ஒரு கல், அதன் மேல் பறவைகள். "நீங்கள் படக்காரி, பாத்தாத் தெரியும். இது எந்த இடம்? நாளைக்கு விடியப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகப்போறன். போட்காரன் ஹஸ்மியிட்டப் போட் கேட்டனான். அவன் ஏலாதெண்டால் நானே மெசினை இழுப்பன்."

வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்து, சல்லியில் ஒரு படகும் இறங்காத கிழமை அது.

"அக்கா, உதெல்லாம் நான் எடுத்த படம்," என்றாள் லக்சனா.

புஸ்பராணி சிரித்தார். "இப்பிடி ஆரும் சொல்லுவினம் எண்டு தெரியும். நீங்கள் எடுத்தது இவற்ற போனுக்கு ஏன் வருது?"

எந்த வீட்டிலும், எந்த மாமியின் கேள்விக்கும் உடனே மறுமொழி சொல்லுகிறவள் என் தங்கை. அன்று பொட்டையும் போனையும் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். புஸ்பராணி அவளைப் பார்க்கவில்லை, கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லக்சனா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். கமராவை எடுத்தாள். "போனை அப்பிடியே பிடிச்சிருங்கோ, அக்கா," என்று சொல்லி, மடியில் இருந்த அந்த இரண்டு கைகளை ஒரே ஒரு படம் எடுத்தாள்.

படம் அந்தப் போனுக்குப் போய்ச் சேர ஏழெட்டுச் செக்கன் எடுக்கும். அவள் கமராவை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, புஸ்பராணியின் முன்னால் நிலத்தில் முழந்தாளிட்டு, அவருடைய மணிக்கட்டுகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போன் அதிர்ந்து, அதில் அந்த இரண்டு கைகளும் வந்து விழுந்த பிறகும் விடவில்லை.