தாமதத்துக்குக் காரணம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, திண்டிவனத்தில் மல்லாட்டை சீசன் மும்முரமாக இருந்த சமயம் நடந்தது இது. நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். என் மனைவியிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

திண்டிவனத்தில் சின்னதாக ஒரு மருத்துவமனை வைத்திருக்கும் பொது அறுவை சிகிச்சை டாக்டர் நான். குடலிறக்கம், குடல்வால், சர்க்கரைக்காரர்களின் கால் புண் என்று பிழைப்பு நன்றாகவே போகிறது. ஆனால் என்னோடு ஒரே வகுப்பில் படித்த ஒருத்தி விழுப்புரம் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் பிளாஸ்டிக் சர்ஜரி பேராசிரியர். அதுதான் என் வியாதி.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் நடிகைகளின் மூக்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். மெஷினில் சிக்கிய கை, தீயில் வெந்த கழுத்து, லாரி ஏறித் தோல் உரிந்த கால் இவற்றையெல்லாம் மறுபடி உருவாக்குகிற வேலை அது. அதற்கான மேற்படிப்பு நுழைவுத் தேர்வை இரண்டு பேரும்தான் எழுதினோம். அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அவளுக்குத் தையல் போடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அவள் பாட்டுக்கு ஆராய்ச்சி, கட்டுரை, மாநாடு என்று போய்க்கொண்டிருந்தாள். அவள் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தினமும் காலையில் காபி டம்ளரோடு போனில் பார்ப்பேன். எண்ணிக்கை ஏறியிருந்தால் அன்றைக்குக் காபி இறங்காது. எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் அவளுக்கு வாழ்த்துகள் குவியும்போது, கடைசி ஆளாக ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். போனில் பேசினால் வேண்டுமென்றே "மேடம்" என்பேன். அவளோ பழையபடி "என்னப்பா" என்றுதான் ஆரம்பிப்பாள். அதுவும் எரிச்சலாக இருக்கும்.

அந்த வருடம் விழுப்புரத்தில் ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் அவள் பேசினாள். திரையில் ஒரு கையின் படம் வந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் கட்டுப் போட்டு அனுப்பிவைத்த கை. இப்போது என் பெயரைச் சொல்வாள் என்று சட்டைக் காலரை எல்லாம் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். "திண்டிவனத்திலிருந்து வந்த நோயாளி" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். கைதட்டினார்கள். அனுப்புகிறவன் இளிச்சவாயன், பேர் வாங்குகிறவள் அவளா? இனி ஒரு கேஸையும் அனுப்பக் கூடாது என்று பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

சரியாகப் பத்தாவது நாள் ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். மல்லாட்டை உடைக்கும் மெஷின் வலது கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் பிடித்து இழுத்து, தோலை உறை மாதிரி கழற்றியிருந்தது. எலும்பு தெரிந்தது. அந்த வலியிலும் அவள் கேட்டது ஒன்றுதான். "கட்டைவெரல் இருக்குமா சார்? வூட்ல ரெண்டு மாடு கறக்குது. அது இல்லாம எப்டி சார் பால் கறப்பேன்?"

அனுப்பியிருக்க வேண்டும். நானே செய்தேன். இடுப்பு மடிப்பிலிருந்து தோலை முழுதாக அறுக்காமல் தூக்கி, அதற்குள் விரல்களைச் செருகித் தைப்பது ஒரு முறை. மூன்று வாரம் கை இடுப்போடு ஒட்டியே இருக்கும். படித்த காலத்தில் கூட நின்று பார்த்திருக்கிறேன், தனியாகச் செய்ததில்லை. முடித்ததும் போட்டோ எடுத்துக்கொண்டேன். குரூப்பில் போடத்தான்.

நான்காம் நாள் அந்த ஒட்டுத் தோல் ஊதாவாக மாறியது. சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், கறுத்துக்கினு வருது" என்றார். பார்த்துக்கலாம் என்றேன். அன்று மாலை அந்தப் பெண்ணின் கணவர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "விழுப்புரத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்களாமே சார், ஒரு எட்டு போய்க்கினு வரட்டுமா?"

"என் மேல நம்பிக்கை இல்லன்னா இப்பவே கூட்டிக்கினு போங்க!" என்று கத்தினேன். பாவம், அந்த மனிதர் பயந்து பின்வாங்கினார். விஷயம் அவருக்குச் சரியாகப் புரிந்திருந்தது. எனக்கும்தான் புரிந்திருந்தது. ஆனால் அவளுக்குப் போன் செய்ய வேண்டுமே!

மூன்று நாள் ஓட்டினேன். ஏழாம் நாள் காலையில் நாற்றம் வந்தது. அதற்குப் பிறகுதான் போனை எடுத்தேன். யார் செய்தது, ஏன் செய்தாய் என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. "நெறம் எப்ப மாறிச்சுப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னிக்குக் காலைலதான்" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

ஆம்புலன்ஸுக்குப் பின்னால் என் காரில் விழுப்புரம் போனேன். அவள் மாணவர்கள் சூழ நின்று ஒட்டுத் தோலை அழுத்திப் பார்த்தாள். பாதி ஊதா, பாதி கறுப்பு. அவள் நெற்றி சுருங்கியது. "காலைலதான் மாறிச்சுன்னா தையலைத் தளர்த்திட்டு நாளைக்கு வரைக்கும் பார்க்கலாம். நாளாயிருந்தா இப்பவே எடுத்தாகணும், இல்லன்னா கட்டைவிரல் போயிடும்" என்று மாணவர்களிடம் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் கணவர் பக்கத்திலேயே இருந்தார். அவருக்குத் தேதி தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மனைவியின் விரல் போகும் நேரத்திலும் அந்த மனிதர் என் கோபத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று உறைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இல்ல. மூணு நாளாச்சு" என்றேன்.

அத்தனை மாணவர்களும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி. கையக் கழுவிக்கினு உள்ள வா."

கெட்டுப்போன தோலை எல்லாம் எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து ரத்தக்குழாயோடு தோலைத் திருப்பிக் கொண்டுவந்து விரலை மூடினாள். ஐந்து மணி நேரம் அவளுக்கு எதிரில் உதவியாளாக நின்றேன். அவள் கை போன போக்கைப் பார்க்கையில் அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கட்டைவிரல் தப்பியது. பக்கத்து விரலின் நுனி போய்விட்டது. அது என் கணக்கு.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணின் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கோச்சிக்குவீங்கன்னுதான் சார் கம்முனு இருந்தேன்" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவள் அறைக்குப் போனேன். கைக்காயம் பட்டவர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்பதுதான் அப்போது அவளுடைய ஆராய்ச்சி. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். கடைசி வரி, 'தாமதத்துக்குக் காரணம்'. மேலே இருந்த படிவங்களில் பஸ் இல்லை, நாட்டு மருந்து, மாடு பார்க்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தது. இந்தப் பெண்ணின் படிவத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள். "நீயே எழுதுப்பா."

ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை என்று எழுத ஆரம்பித்தேன். அடித்தேன். ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, 'டாக்டருக்குப் பொறாமை' என்று எழுதினேன்.

படித்துப் பார்த்தாள். "யார் மேல?"

"உன் மேலதான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. படிவத்தின் ஓரத்தில் இருந்த கட்டங்களில் விரலை ஓட்டிக்கொண்டே, "இதை எந்தக் கட்டத்துல டிக் பண்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் என் மருத்துவமனைக்கு வந்து, காற்றிலேயே பால் கறந்து காட்டிவிட்டுப் போனாள். மறு வருடம் அந்த ஆராய்ச்சி கட்டுரையாக வந்தது. முதல்முறையாக எண்ணிக்கையைப் பார்க்காமல் உள்ளே படித்தேன். காரணங்களின் பட்டியலில் கடைசி வரி: இதர காரணம் – 1.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. காபி இன்னமும் சில நாள் இறங்குவதில்லை. ஆனால் ஒரு கேஸை அனுப்பக் கை தயங்கும்போதெல்லாம் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்று நான்தான் என்பது ஞாபகம் வரும். உடனே போனை எடுத்துவிடுகிறேன்.