காய்ச்சல் இல்லாத நாள்

உங்கள் அம்மாவின் காலைப் பறித்தது டாக்குத்தர் அல்ல, பிள்ளைகளே. நான்.

இத்தனை காலமும் நீங்கள் அந்த மனிதரைத் திட்டும்போது பேசாமல் இருந்தேன். சில வேளை தலையையும் ஆட்டினேன்... எப்படி முடிந்தது என்னால்?

நீங்கள் பிறக்க முன்னம் நடந்தது. வன்னியில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே காணி கிடைத்து, நானும் அவவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்த புதிது. விறகு ஏற்றிய வண்டில் சரிந்து அவவின் வலது கால் முறிந்தது. முறிவு வைத்தியர் கட்டினார். எலும்பு பொருந்தியது, ஆனால் வளைந்து பொருந்தியது. கால் கட்டையாகிவிட்டது.

வரம்பில் அவ சாய்ந்து சாய்ந்து போகும்போது அடுத்த காணி அன்னம்மாக்கா கேட்பா:

"என்னடி பூரணம், வரம்பை அளக்கிறியோ?"

"ஓமக்கா. உங்கடை பக்கம் ஒரு முழம் கூடிப்போச்சு."

இருவரும் சிரிப்பார்கள். எனக்குத்தான் சிரிப்பு வராது. வெட்கம் அவவுக்கு இருக்கவில்லை, எனக்கு இருந்தது... கண்ணை மூடினால், விடியற் பனிப்புகாருக்குள்ளே குளக்கட்டில் அவ நிமிர்ந்து நடந்து வருவா. பாதம் மண்ணில் பட்டதோ படவில்லையோ என்று தெரியாது. நான் அந்தக் கனவுக்குள்ளேயே குடியிருந்தேன்.

பெரியாஸ்பத்திரி டாக்குத்தர், எலும்பை மறுபடி உடைத்துத் தகடு வைத்து நேராக்கலாம் என்றார். அவவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"இரத்தம் காணாது, குறைவு. வன்னியிலை இருந்து வாறியள்... மலேரியாக் காய்ச்சல் வாறதோ? ஒளிக்காமல் சொல்லும். பெலனில்லாத உடம்பிலை வெட்டினால் புண் ஆறாது. காலும் போகும், ஆளும் போகலாம். உடம்பு தேறட்டும், அடுத்த வருஷம் செய்யலாம்."

காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. எங்கள் குடியேற்றத்தில் அதை யாரும் நோய், வருத்தம் என்று எடுப்பதில்லை. "இண்டைக்கு என்ரை முறை" என்று சாக்கைப் போர்த்துக்கொண்டு நடுங்குவார்கள், மறுநாள் மண்வெட்டியோடு வயலில் நிற்பார்கள். ஆனால் காய்ச்சல் என்றால் வெட்டமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளே. தெரிந்துதான், காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்து அவவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"இல்லை ஐயா. அவ நல்ல திடம்."

உள்ளே வந்ததும் அவ கேட்டா: "என்னவாம்?"

"ஒண்டுமில்லை. கெதியா நடப்பியாம்."

"அதைச் சொல்லவோ வெளியிலை கூப்பிட்டவர்?"

"அது ஆம்பிளையளின்ரை கதை."

சிரித்தா. நம்பினா.

ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த நாட்களில் கொயினாக் குளிசையை நானே கொடுத்துக் காய்ச்சலை அமுக்கி வைத்தேன். டாக்குத்தர் தந்தது என்று அவவுக்குச் சொன்னேன். யாருக்காகச் செய்தேன்? அவவுக்காகவா... அந்தக் கனவில் நடந்து வந்தவளுக்காகவா?

வெட்டி முடிந்து மயக்கம் தெளியும்போது அவவின் முகம் அவ்வளவு அழகாய் இருந்தது.

"இஞ்சரப்பா, நான் குளத்துத் தண்ணிக்கு மேலாலை நடந்தனான். கால் நனையேல்லை."

அப்போதே அவவின் கை சுட்டது.

காய்ச்சல் முறை தப்பாமல் வந்தது. புண் சீழ் கட்டியது. உயிரையாவது காப்பாற்றவேண்டும் என்று முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். டாக்குத்தர் என்னை ஒருதரம் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அவவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பழியைத் தானே வைத்துக்கொண்டார். நான் அதை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அவவுக்கு இன்னும் சொல்லவில்லை. வாய்வரை வரும்... பிறகு அவ என்னைப் பார்ப்பா, போய்விடும்.

இன்றும் மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பாயில் படுத்திருந்தவ, "பெருவிரல் விறைக்குதப்பா, மூடிவிடுங்கோ" என்றா. எந்தக் கால் என்று நான் கேட்பதில்லை. போர்வையை இழுத்து, ஒன்றும் இல்லாத அந்த இடத்தை மூடினேன்.

"இப்ப சுகமாய் இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்தபடி நித்திரையாகிவிட்டா.