அம்மா போன முதல் ஹயர்

எங்கள் காரை விற்றுவிடலாம் என்று அப்பா கட்டாரிலிருந்து சொன்ன வாரத்தில்தான் அம்மாவுக்கு அந்த அழைப்பு வந்தது. நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். நான் ஏழாம் ஆண்டுப் புத்தகங்களை மேசையில் பரப்பி வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக மஹியாவ வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பதையே படிப்பாகக் கொண்டிருந்தேன்.

அப்பா சுற்றுலாப் பயணிகளுக்குக் கார் ஓட்டியவர். கண்டியில் அதை ஹயர் போவது என்பார்கள். அரை நாள் ஹயர் என்றால், காலையில் ஹோட்டலில் ஆட்களை ஏற்றி, கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்று மூன்று பழைய கோயில்களைக் காட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவது. ஒரே பயணத்தில் புத்தரையும் பார்க்கலாம், முருகனையும் பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். பயணிகள் வருவது நின்றதும் வேடிக்கையும் நின்றது. அப்பா கட்டாருக்குப் போய் ஏதோ ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். கார் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

காரை விற்றதும் நானும் அம்மாவும் கலஹாவுக்கு, தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விடுவதென்றும் பேச்சு. எனக்கு அதில் வருத்தம் இல்லை. மாமா வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. அம்மா மட்டும் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து ஏதாவது பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவார். அவர் பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஓர் ஒற்றை அறையில். அங்கிருந்து கீழே இறங்கி வந்ததைப் பற்றி அவர் பெருமையாகவும் பேசியதில்லை, குறையாகவும் பேசியதில்லை. “பிள்ளையோட பள்ளிக்கூடம் இங்க இருக்கே” என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை.

அழைப்பில் ஒரு பெண்ணின் குரல். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறார்களாம், கணவனும் மனைவியும். அப்பா எப்போதோ இணையத்தில் போட்டுவைத்த விளம்பரத்தில் எங்கள் நம்பரைப் பார்த்தார்களாம். அரை நாள் கோயில் டூர் இன்னும் செய்கிறீர்களா என்று கேட்டார்கள். அம்மா ஜன்னல் வழியாக வாசலில் நின்ற காரைப் பார்த்தார். பிறகு, “செய்றோம். நாளைக்குக் காலையில வர்றோம்” என்றார்.

போனை வைத்ததும் நான் கேட்டேன். “யாரும்மா ஓட்டுறது?”

“நான்தான்.”

“அப்பாக்கிட்ட சொல்லலியா?”

“போயிட்டு வந்து சொல்லலாம்.”

அம்மாவுக்கு லைசன்ஸ் இருந்தது. அப்பாதான் பழக்கிவிட்டார். ஆனால் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கும் மார்க்கட்டுக்கும் தவிர அவர் எங்கேயும் ஓட்டியதில்லை. போதாததற்கு, மறுநாள் பின்னேரம் மடவளையிலிருந்து ஒருவர் காரைப் பார்க்க வருவதாக இருந்தது. அங்கே ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், அப்பாவுக்குப் பழக்கமானவர், பிடித்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பின்னேரம் விற்கப்போகும் காரைக் காலையில் எதற்கு ஹயருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டேன். அம்மா கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

தனியாக வீட்டில் விட முடியாதென்று என்னையும் கூட்டிப்போனார். ஹோட்டல் வாசலில் காத்திருந்த பெரியவர் உயரமானவர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காருக்குள் குனிந்து பார்த்து, “டிரைவர் எங்க?” என்றார்.

“நான்தான் ஐயா” என்றார் அம்மா.

பெரியவர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அதற்குள் பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, “பசியாறிட்டீங்களா?” என்று எங்களை விசாரித்துக்கொண்டிருந்தார். காலைச் சாப்பாட்டை அவர்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்களாம். காரைக் காடி என்றார்கள். அதே தமிழில் இவ்வளவு புதுச் சாமான் இருப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

பேராதனையில் பெட்ரோல் செட்டின் வரிசை பாதி வீதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மிச்சப் பாதியில் எல்லா வாகனங்களும் நின்று நின்று ஊர்ந்தன. அம்மா பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டு, வெளியே பார்க்கும்படி கண்ணால் காட்டினார். எஞ்சினை நிறுத்துவதும் போடுவதுமாக அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் அவருடைய மேலுதட்டில் வேர்வை பூத்துவிட்டது.

கடலாதெனிய கோயில் ஒரு கரும்பாறையின் முதுகில் இருக்கிறது. அம்மா அதன் முன்னால் போய் நின்று, கையை நீட்டி, “இது கடலாதெனிய. ரொம்பப் பழசு” என்றார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. ஓட்டுவதைப் பற்றி மட்டும் யோசித்தவர், காட்டும்போது பேசவும் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை.

“எவ்வளவு பழசு?” என்றார் பெரியவர்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு, வரலாற்றுப் புத்தகத்தில் இருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கம்பளை இராசதானிக் காலம், கணேஸ்வராச்சாரி என்னும் தென்னிந்தியச் சிற்பாசாரியார், கருங்கல் வேலைப்பாடு என்று வேகமாகப் போய், நிறுத்தத் தெரியாமல், “இதன் கட்டடக்கலைச் சிறப்புகளை விளக்குக” என்று பயிற்சிக் கேள்வியையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

“சரி, விளக்கு” என்றார் பெரியவர்.

அது புத்தகத்தில் இல்லை. அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே புத்தருக்குப் பூ வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த விஷ்ணு சன்னிதியிலும் கும்பிட்டுவிட்டு வந்தபோதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அம்மாவும் சிரித்தார். பெரியவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

லங்காதிலகவுக்கு ஏறும் வீதியில், கோயிலின் வெள்ளைச் சுவர் மரங்களுக்கு மேலே தெரியத் தொடங்கிய இடத்தில், கார் இரண்டு முறை குலுங்கி நின்றது. பின்னால் நழுவப் பார்த்தது. அம்மா பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “எறங்கிக் கல்லு வை புள்ள!” என்று கத்தினார். நான் ஓடிப்போய்ச் சில்லுக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்தேன்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் பெரியவர்.

எஞ்சின் சூடாகிவிட்டது, ஐந்து நிமிடத்தில் சரியாகும் என்பதுபோல அம்மா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்பாவாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

“பெட்ரோல் தீந்துருச்சு ஐயா.”

“தீந்துருச்சா? தெரிஞ்சுதானே கூட்டிட்டு வந்தீங்க?”

“போதும்னுதான் நெனச்சேன். வரிசையில நின்னதுல எரிஞ்சுபோச்சு. தப்பு என்னுதுதான்.”

வளைவில் நடு வீதியில் காரை விட முடியாது. அம்மா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கதவோரமாய் நின்று தள்ள, பின்னால் பெரியவரும் நானும் தள்ளினோம். ஒரு பலாமரத்தடியில் காரை ஓரங்கட்டியபோது பெரியவரின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எங்களத் திருப்பி ஹோட்டல்ல கொண்டு போய் விடுங்க” என்றார்.

“பஸ்ஸுல கூட்டிட்டுப் போய் விடுறேன் ஐயா. ஆனா லங்காதிலக இந்தா தெரியுது. அங்கேருந்து வயல் வழியா எறங்கினா எம்பெக்க. மூணு கோயில்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். மூணையும் காட்டிட்டுத்தான் விடுவேன்.”

“நாங்க காடி எடுத்தோம். நடக்கிறதுக்கு எதுக்கு ஆள் வேணும்?”

அம்மா தலையைக் குனியவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. காரைப் பூட்டினார், தண்ணீர்ப் போத்தலைத் தோளில் மாட்டினார், அந்த அம்மாளுடைய பையை வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் ஏற்கெனவே குடையை விரித்துவிட்டிருந்தார்.

லங்காதிலகவில் பாறையில் வெட்டிய படிகள். முன்வாசலில் போனால் புத்தர், சுற்றி வந்தால் பிள்ளையாரும் மற்றத் தெய்வங்களும். பாறையில் ஓர் இடத்தில் எழுத்துகள் வெட்டியிருந்தன, ஒரு பகுதி தமிழ் என்று நான் சொன்னேன். நாலு பேரும் குனிந்து பார்த்தோம். நாலு தமிழர்களுக்கும் ஒரு சொல்கூட விளங்கவில்லை. “எங்க தாத்தா கையெழுத்து மாதிரியே இருக்கு” என்றார் அந்த அம்மாள். பெரியவர் எங்கள் பக்கமே திரும்பாமல் நின்றார்.

வயல் வரம்பில் இறங்கிய பிறகுதான் அது நடந்தது. பெரியவரின் கால் வழுக்கி முழங்கால் வரை சேற்றில் போனது. காலை இழுத்தார், கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. அம்மா வயலுக்குள் இறங்கி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவி அதை எடுத்து, வாய்க்காலில் கழுவிக்கொண்டுவந்து நீட்டினார். பெரியவர் அதை வாங்காமல் அம்மாவைப் பார்த்தார்.

“இவளுக்குப் போன வருசம் இருதயத்துல ஆபரேஷன். தெரியுமா ஒங்களுக்கு? நான் காடி கேட்டது எனக்காக இல்ல.”

அம்மா சப்பாத்தை அவர் காலடியில் வைத்தார். இப்போது திரும்பிவிடுவோம் என்று நான் நினைத்தேன். அம்மா வரம்பில் ஏறி, பெரியவரைத் தாண்டி, அந்த அம்மாளிடம் போனார்.

“அம்மா, ஒங்களால முடியுமா? முடியலன்னா இங்கேயே நிப்போம். எப்படியாவது ஒரு த்ரீவீல் தேடிக் கொண்டாறேன்.”

“மெதுவாப் போனா முடியும்” என்றார் அந்த அம்மாள். “ஆபரேஷனுக்கு முந்தின நாளு கதிர்காமத்துக்கு வர்றேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். வந்து பார்த்தா அவ்வளவு தூரம் போக ஒரு வண்டிகூட இல்ல. எம்பெக்கவுலயும் அதே கதிர்காம சாமிதான்னு ஹோட்டல்ல சொன்னாங்க. அதுக்குத்தான் ஒங்களக் கூப்பிட்டேன். இவருக்கு மூணு கோயில், எனக்கு ஒன்னுதான்.”

“அப்ப மெதுவாப் போவோம்” என்றார் அம்மா.

அன்றைக்கு நடந்ததுபோல் அவ்வளவு மெதுவாக நான் என்றும் நடந்ததில்லை. அம்மா முன்னால் போய்ப் பாதம் வைக்கும் இடத்தைச் சோதித்துக் காட்டினார். அவர் தோளைப் பிடித்தபடி அந்த அம்மாள். அவர் தலைக்கு மேலே குடை பிடித்தபடி நான். நிழல் கண்ட இடமெல்லாம் நின்றோம். ஒரு வீட்டு வாசலில் அம்மா சிங்களத்தில் கேட்க, உள்ளிருந்து உட்காரக் கதிரையும் குடிக்கத் தண்ணீரும் வந்தன. பெரியவர் ஈரச் சப்பாத்து சப்தமிடப் பின்னால் வந்தார். கடைசி ஏற்றத்தில் அவர் முன்னுக்கு வந்து மனைவியின் மறு கையைப் பிடித்துக்கொண்டார்.

எம்பெக்கவில் மரத்தூண்கள். மல்லர்கள் கட்டிப்புரண்டார்கள், அன்னங்கள் கழுத்தைப் பின்னிக்கொண்டு நின்றன. நான் தூண் தூணாக ஓடினேன். உள்ளே பூசை செய்யும் கப்புறாளை பழத்தட்டை வாங்கி, அந்த அம்மாளின் பெயரைக் கேட்டு, சிங்களத்தில் நீளமாகச் சொல்லி வேண்டினார். முன்னால் ஒரு திரைதான் தொங்கியது.

“முருகன் எங்க?” என்று பெரியவர் மெல்லக் கேட்டார். அவர்கள் ஊர் மலையடியில் முருகன் வானுயரத்துக்கு நிற்பாராம்.

அம்மா கப்புறாளையிடம் கேட்டார். அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். “திரைக்குப் பின்னால இருக்காராம் ஐயா. நாம அவரப் பாக்க முடியாதாம். அவரு நம்மளப் பாத்துட்டாராம்.”

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அழுதார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துணி தேடிச் சட்டை நுனியை எடுத்தார், அதிலும் சேறு.

திரும்பி வந்தது பஸ்ஸில். மூச்சு விட முடியாத கூட்டம். யாரோ எழுந்து அந்த அம்மாளுக்கு இடம் கொடுத்தார்கள். சேறு காய்ந்த காற்சட்டையோடு பெரியவர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். ஹோட்டல் வாசலில் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் முந்திக்கொண்டார்.

“நாளைக்குத் தலதா மாளிகை பாக்கணும். அதுக்கும் நடக்கணுமா?”

“ஆமாங்கய்யா. இங்கேருந்து கிட்டத்தான்.”

“எத்தனை மணிக்கு வருவீங்க?”

வீட்டுக்கு வந்தபோது மடவளைக்காரர் வாசலில் நின்றிருந்தார். அவரை அம்மா அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார்.

“வாகனம் எங்க ஈக்கிது தங்கச்சி?”

“ஹயர் போயிருக்கு நானா.”

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். கார் பலாமரத்தடியில், சில்லுக்குக் கல் வைத்து நின்றுகொண்டிருந்தது.

“ஹயரா? யாரு ஓட்டுற?”

“நான்தான். நானா, அதை விக்கல. ஒங்கள வீணா அலைய வச்சிட்டேன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

அவர் அம்மாவின் சேறு படிந்த கால்களைப் பார்த்தார். “நாளைக்குக் கடைப் பெடியன்ட மோட்டார்சைக்கிள்ல இருந்து ஒரு போத்தல் பெட்ரோல் அனுப்பறன்” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா கட்டாரிலிருந்து போன் எடுத்தார். அம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. வரிசை, ஏற்றம், சேறு, ஆபரேஷன், திரை, மடவளைக்காரரைத் திருப்பி அனுப்பியது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். சொல்லி முடித்த பிறகு போனில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதென்று நான் போனை வாங்கி, “ஹலோ, ஹலோ” என்றேன்.

“அம்மாகிட்டக் குடு” என்றார் அப்பா. குரல் தடிமன் பிடித்ததுபோல இருந்தது. அம்மா வாங்கிக்கொண்டதும் கேட்டார். “லங்காதிலக ஏத்தத்துல எந்தக் கியர்ல போன?”

“ரெண்டுல.”

“ரெண்டுல இழுக்காது. அந்த வளைவு வர முன்னுக்கே ஒன்னுக்கு மாத்திரணும்.”

“சரிங்க.”

“எம்பெக்கவுல பின்பக்கமா நிப்பாட்டு. அங்கதான் நெழல் இருக்கும்.”

“சரிங்க.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. சப்பாத்து சேற்றில் போனதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, திரைக்குப் பின்னால் இருந்த முருகனைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கியரையும் நிழலையும் பற்றித்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் அதற்குப் போய், பரிசு வாங்கப்போகிறவர்போல் சுவரில் சாய்ந்து நின்று, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். காரை விற்பதைப் பற்றி அப்பா அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. வெளிநாட்டு வெயிலில் அவருக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதை அம்மாவிடம் சொன்னால் கவலைப்படுவார் என்று, சொல்லாமலே இருந்துவிட்டேன்.