இரட்டைப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சும்

பாறசாலை ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்ததும் குழித்துறையிலிருந்து சட்டிபானையோடு கிளம்பிவிட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தச் சம்பளம், புது வீடு, பள்ளிக்கூடம் போகத் துடிக்கும் இரட்டைப் பிள்ளைகள்! பையனும் பெண்ணும் சிலேட்டைக் கட்டிக்கொண்டே தூங்கினார்கள்.

நான் டியூட்டிக்குப் போனால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமே? ஓலை முடைந்து விற்கும் அடுத்த வீட்டு அக்கா, நான் கேட்டு முடிப்பதற்குள் சரியென்றாள். அவளுக்கும் இரண்டு பையன்கள். அவள் வைத்த மீன்கறியையும் மரச்சீனிக் கிழங்கையும் ருசித்த பிறகு என் பிள்ளைகள் என் சமையலை மதிக்கவேயில்லை.

பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல். ஒரே கட்டடத்தில் தமிழ் வகுப்பும் மலையாள வகுப்பும் இருந்தன. ரோட்டிலோ எல்லைப் போராட்ட ஊர்வலம். ஊர் தமிழ் மாநிலத்தோடு சேருமா, மலையாள மாநிலத்தோடு சேருமா என்று யாருக்கும் தெரியாது. அதற்கு ஊர்க்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்.

“ரெண்டையும் ஒரே கிளாஸில சேக்காதீங்க சிஸ்டரே,” என்றாள் அக்கா. “எனக்க மூத்தவன் தமிழ், எளையவன் மலையாளம். ராஜ்ஜியம் எந்தப் பக்கம் போனாலும் ஒருத்தனுக்கு வேலை உண்டு. இங்க எல்லா வீட்டிலயும் இப்படியாக்கும்.”

என் கணவருக்கு இது பிடித்துப்போயிற்று. “பையன் மலையாளம் படிக்கட்டும். பெண்ணுக்குத் தமிழ் போதும்,” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “ஒரே வயித்தில கிடந்ததுகள ஒரே பெஞ்சில இருத்த மாட்டியளா? தோத்தா ரெண்டும் சேந்தே தோக்கட்டும்!” மறுநாளே இரண்டையும் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே ஊசி போட்டேன்.

கடைசியில் முடிவு வந்தது. நான் பிறந்த குழித்துறை சென்னை மாநிலத்துக்கு, பாறசாலை கேரளத்துக்கு. என் பிடிவாதத்தால் இரண்டு பிள்ளைகளின் பிழைப்பையும் கெடுத்துவிட்டேனோ?

சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிடப் போனபோது, “நாளைக்கு நானும் பள்ளிக்கூடத்துக்கு வாறேன் சிஸ்டரே,” என்றாள் அக்கா. மூத்தவனை மலையாளத்துக்கு மாற்றப்போகிறாள் என்று நினைத்தேன். புத்தியுள்ளவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

“எளையவனைத் தமிழுக்கு மாத்தணும்,” என்றாள்.

“இப்பவா அக்கா?”

“மலையாளம் இனி பஸ்ஸில, கடையில, எங்கயும் கிடைக்கும். தமிழ் அந்த ஒரு கிளாஸில மட்டுந்தானே உண்டு? பிள்ளையள் குறைஞ்சா அதையும் பூட்டிப்போடுவானுவ.”

வெள்ளை யூனிபாரத்தோடே அவளைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

காலையில் தலைமையாசிரியர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். “நம்ம ஊரு கேரளத்தில சேந்தாச்சு. தெரியாதா?”

“தெரிஞ்சுதான் வந்தேன் சாரே,” என்றாள் அக்கா. இளையவனை என் பிள்ளைகள் இருந்த பெஞ்சின் பக்கம் தள்ளிவிட்டாள். “நெருங்கி இரி மக்கா.”