மரியாதையாகத் திருத்திய புத்தகம்

எண்பதுகளின் கடைசியில் நான் லண்டனில், ஹோபர்ன் பக்கம் ஒரு சின்னக் கம்பனியில், அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை தேடும் புரூஃப் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக மாணவர்களுக்கான பௌதிக, கணிதப் புத்தகங்களைக் கணினியில் அடித்துப் பதிப்பகங்களுக்குக் கொடுப்பது அந்தக் கம்பனியின் தொழில். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவள் நான். இங்கே வந்த புதிதில் அப்டன் பார்க்கில் ஒரு சாறிக் கடையில் நின்றேன். பிரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களின் பின்னால் சாறிகளை மடித்து வைப்பதே நாள் முழுக்க வேலை. கேவலமான வேலை என்று சொல்ல வரவில்லை. எனக்கு வெறுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். புரூஃப் வேலை கிடைத்தபோது, இனி அந்தக் கடைப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

பக்கத்து மேசையில் ஒரு தமிழ்நாட்டுப் பெண் இருந்தாள். என்னைவிட வயது குறைந்தவள். அவள் சமன்பாடுகளை அடிப்பாள், நான் சரிபார்ப்பேன்.

“அக்கா, இந்த மூணாவது வரில மைனஸ் இருக்கா இல்லையா? கையெழுத்து புரியல.”

“சய இருக்கு. போடும்.”

“சயன்னா மைனஸ், சகன்னா பிளஸ். தமிழுக்கே நான் அகராதி வெச்சிக்கணும் போலிருக்கு.”

“வைச்சுக்கொள்ளும். அப்பவாவது தமிழ் வரட்டும்.”

நாள் முழுக்க இப்படித்தான் கடித்துக்கொண்டிருப்போம். மத்தியானம் அவளுடைய தயிர்சாதத்தில் பாதி என் வயிற்றுக்குள் போகும்.

அந்த வருடம் எங்களுக்கு வந்த பெரிய வேலை சார்பியல் பற்றிய ஒரு தடித்த புத்தகம். பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கானது. எழுதியவர்கள் இரண்டு ஆங்கிலேயப் பேராசிரியர்கள், நெடுங்காலச் சினேகிதர்கள். ஒருவர் கிழவர். மற்றவர் கொஞ்சம் இளையவர், நல்ல உயரம். ஆளுக்குப் பாதி அத்தியாயங்கள் என்று பிரித்து எழுதியிருந்தார்கள்.

முதல் புரூஃபை இரண்டு பேருக்கும் தபாலில் அனுப்பினோம். இரண்டு பேரும் முழுப் புத்தகத்தையும் வாசித்துத் திருத்தி அனுப்பினார்கள். எங்கள் மனேஜருக்கு ஒரு பழக்கம். இரண்டு பேரின் திருத்தங்களையும் தானே உட்கார்ந்து, தன்னுடைய சிவப்புப் பேனாவால், ஒரே பிரதியில் எழுதி எங்களிடம் தருவார். எந்தத் திருத்தம் யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவும் தேவையில்லை என்பார். சிவப்பில் என்ன இருக்கிறதோ அதை அடி, அடித்தது சரியா என்று பார், யோசிக்காதே. அதுதான் சட்டம். குறிகள் நிறைய மாறியிருந்தன. சகவாக இருந்தது சயவாக, சயவாக இருந்தது சகவாக. சொன்னபடி மாற்றினோம்.

இரண்டாவது புரூஃப் போனதும் தொலைபேசி அலறியது. என் அத்தியாயங்களை நாசமாக்கிவிட்டீர்கள் என்றார் கிழவர். அடுத்த நாள் உயரமானவரும் அதையே சொன்னார், தன் அத்தியாயங்களைப் பற்றி.

மனேஜர் எங்களைக் கூப்பிட்டார். அந்த மனிதர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவரோ மன்னிக்க வேண்டும் என்று தொடங்கி, வானிலை சொல்வது போல மெதுவாகச் சொன்னார். அடுத்த புரூஃபும் இப்படியே போனால் பதிப்பகம் புத்தகத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும், பிறகு உங்கள் இருவரையும் வைத்திருக்க முடியாது. கவனக்குறைவு என்ற சொல்லையும் சொன்னார். நான் ஒவ்வொரு குறியாக விரல் வைத்துப் பார்த்தவள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் அழுதாள்.

“என் வீட்டுக்காரர் இன்னும் படிச்சிட்டிருக்காருக்கா. என் சம்பளத்துலதான் வீடு ஓடுது. நான் சரியாத்தான அடிச்சேன்?”

“சரியாத்தான் அடிச்சனீர். நான் பாத்தனான். அழுகையை நிப்பாட்டும், எனக்கு இன்னும் கோவம் வருது.”

சனிக்கிழமை முழுப் புரூஃபையும் ரெய்னர்ஸ் லேனில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்பைப் பற்றவைக்காமல் குசினி மேசையில் பரப்பினேன். முதல் முறையாக அந்தப் புத்தகத்தைக் குறி குறியாகப் பார்க்காமல் பௌதிகமாக வாசித்தேன். ஷிப்ட் முடித்து வந்த கணவர் கதவடியில் நின்றார்.

“சோறு வடிக்கேல்லையோ?”

“இல்லை.”

“உம்மைப் புரூஃப் பாக்கத்தானே வைச்சிருக்கிறாங்கள்? உமக்கேன் இந்தக் கணக்கு?”

“கணக்கைப் பாக்காமப் புரூஃப் பாத்ததாலதான் இந்தக் கரைச்சல். போய்ப் பாண் வாங்கியாங்கோ.”

“ரெய்னர்ஸ் லேன்ல இருக்கிற பாண் முழுக்க நான்தான் தின்னுறன்” என்று சொல்லிக்கொண்டே பேக்கரிக்குப் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. கவனக்குறைவால் வந்த பிழைகள் கண்டபடி சிதறியிருக்கும். இவை அப்படி இல்லை. நேரமும் தூரமும் சேர்ந்து வருகிற வரிகளில் மட்டும் குறிகள் புரண்டிருந்தன. சார்பியலில் நேரத்துக்குச் சகவும் தூரத்துக்குச் சயவும் போடுவது ஒரு வழக்கம். அதைத் தலைகீழாகப் போடுவது இன்னொரு வழக்கம். இரண்டும் சரி. ஒரே புத்தகத்தில் இரண்டையும் கலந்தால்தான் நாசம். கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். கிழவரின் அத்தியாயங்களில் ஒரு வழக்கம், உயரமானவரின் அத்தியாயங்களில் மற்றது. முதல் புரூஃபில் ஒவ்வொருவரும் மற்றவருடைய அத்தியாயங்களைத் தன் வழக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சிவப்புப் பேனா இரண்டு பேரின் திருத்தங்களையும் ஒன்றாகச் சேர்த்ததில் இரண்டு பாதியும் புரண்டுவிட்டன.

திங்கட்கிழமை மனேஜரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“அவர்கள் பழைய நண்பர்கள். இதையெல்லாம் முதலிலேயே பேசியிருப்பார்கள்.”

“கேட்டீர்களா?”

“இரண்டு பேராசிரியர்களிடம் அப்படிக் கேட்பது அவ்வளவு மரியாதையாக இருக்காது.”

“அப்படியென்றால் கூப்பிடுங்கள். நான் கேட்கிறேன். எனக்கு அந்த மரியாதை தெரியாது.”

அந்த வாரமே வந்தார்கள். வரும் வழியெல்லாம் எங்களைத் திட்டித் தீர்த்திருப்பார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. நான் நினைத்தது பிழையென்றால் அடுத்த வாரம் சாறி மடிக்கப் போகவேண்டியதுதான். பக்கத்து மேசைக்காரி கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தேவையில்லாமல் ஒரு கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வணக்கம் எதுவும் சொல்லாமல் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். புத்தகத்தின் அடிப்படையான முதல் சமன்பாட்டை எழுதச் சொன்னேன். பரீட்சை மண்டபத்துப் பிள்ளைகள் போல இரண்டு பேரும் எழுதினார்கள். தாள்களை வாங்கி, இவருடையதை அவரிடமும் அவருடையதை இவரிடமும் நீட்டினேன்.

கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்களுக்குக் கை தவறிவிட்டது என்று நினைத்தேன்” என்றார். “சொன்னால் சங்கடப்படுவீர்கள் என்று நானே திருத்திவிட்டேன்.”

“நானும்தான்” என்றார் உயரமானவர். “உங்கள் வயதில் இதெல்லாம் வருவதுதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.”

இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. உங்கள் வழக்கமே இருக்கட்டும் என்றார் கிழவர். இல்லையில்லை, உங்களுடையதே இருக்கட்டும் என்றார் மற்றவர். கிழவர் பேனாவை எடுத்துத் தன் அத்தியாயத்தில் குறி மாற்றத் தொடங்கினார். உயரமானவரும் தன் பங்கைக் கையில் எடுத்தார். இப்படியே விட்டிருந்தால் மூன்றாவது புரூஃபும் முழுக்கத் தலைகீழாகப் போயிருக்கும்.

“பேனாவைக் கீழே வையுங்கள்” என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன். “முதல் அத்தியாயத்தில் என்ன வழக்கமோ அதுதான் கடைசிப் பக்கம்வரை. இனி ஒருவரும் ஒருவருக்கும் மரியாதை செய்யக்கூடாது.”

மனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். கிழவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, தண்ணீர் கேட்டார். முதல் அத்தியாயம் அவருடையது.

அவர்கள் போன பிறகு மனேஜர் என் மேசைக்கு வந்தார். கிழவரின் பாதியைப் பழையபடி ஆக்கவேண்டும், உயரமானவரின் பாதியில் கிழவர் கண்ணில் பட்ட குறிகள்தான் மாறியிருக்கின்றன, மிச்சத்தையும் முழுவதும் மாற்றவேண்டும், அதைச் சிவப்புப் பேனாவைப் பார்த்து மட்டும் செய்ய முடியாது, விளங்கிச் செய்யவேண்டும், உங்களால் முடியுமா என்று கேட்டார். கவனக்குறைவு என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார், அதே வானிலைக் குரலில். முடியும் என்றேன், ஆனால் இந்தப் பெண்தான் அடிக்கவேண்டும் என்றேன். நிச்சயமாக என்றார். பல மாதத்துக்கான வேலை அது.

அவர் திரும்பிப் போனார். அவள் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன்.

“பேனாவைக் கீழ வைங்கன்னு புரொபசர்கிட்ட சொன்னீங்களேக்கா! நான் கைல இருந்த ஃபைலத் தலைகீழா பிடிச்சிட்டு நின்னேன்.”

“சொல்லாட்டி? ரெண்டு பேரும் விடியும்வரைக்கும் மரியாதை செய்திருப்பினம்.”

அன்று ரயிலில் ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும். அந்த வாரம் முழுக்க வராத நித்திரை வந்துவிட்டது. அந்த வண்டி ரெய்னர்ஸ் லேனோடு முடிகிற வண்டியானதால் தப்பினேன். இறங்கு அம்மா என்று ஒருவர் தோளில் தட்டி எழுப்பினார். கடையில் பாண் ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கணவர் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

“இண்டைக்கும் பாணோ?”

“ஓம், பாண்தான்” என்றேன். “வேலை இருக்கு. சாப்பிடுங்கோ.”