பட்டியலில் இல்லாத சேலை

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் கீரமங்கலத்திலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் எல்லோரும் பிழைக்கப் போனவர்கள். சுற்றிப் பார்த்துவிட்டு ஏழாம் நாள் திரும்பி வருவதற்கென்றே போன முதல் ஆள் என் சித்திதான்.

"வேடிக்கை பாக்கவா கடல் தாண்டுறது?" என்று தெருவில் சிரித்தார்கள்.

"அதுக்குத்தான் போறேன். நீங்களும் வாரதுன்னா வாங்க" என்றாள் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் தையல் டீச்சர். சித்தப்பாவோடு அம்மாவும் வருவதாகத்தான் முதல் திட்டம். பாஸ்போர்ட்டுக்கு அம்மா படம்கூட எடுத்துக்கொண்டாள். அதற்குள் தாத்தா வழுக்கி விழுந்து படுக்கையாகிவிட்டார். கடலை பறிப்பும் நெருங்கிவிட்டது. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோகும் வரை அந்த அடுத்த வருடம் வரவில்லை. அம்மாவின் இடம் ஒன்பது வயதான எனக்குக் கிடைத்தது. அது மிகவும் நியாயமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றியது.

சித்தியின் பெட்டி சிறியது என்பதால் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் சாமான்கள் அடுக்கப்பட்டன. இன்று நான் இன்ஜினியரிங் ஆபீசில் படம் வரைகிறேன். அளவு தப்பாத பல வேலைகளைப் பார்த்திருக்கிறேன். சித்தி பெட்டி அடுக்கியதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. செருப்புகளை அடியோடு அடி சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றினாள். எண்ணெய்ப் புட்டியைத் துண்டுக்குள் உருட்டினாள். ஏழு சேலைகள், ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் அதற்கென்றே தைத்த ரவிக்கை. கண்டிக்கு ஊதா, பேராதனைப் பூந்தோட்டத்துக்கு இளம்பச்சை என்று எந்த ஊரில் எதைக் கட்டுவது என்பதும் முடிவாகியிருந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் பட்டியல் எழுதினேன். இன்னும் கட்டாத நான்கு சேலைகளுக்கு எதிரே, யாரும் சொல்லாமலே, 'புதுசு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பட்டியலைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் மைதாப் பசையால் ஒட்டினோம்.

புறப்பட்ட அன்று சாயங்காலம் தலைமன்னாரில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்ததும் முதலில் படித்தது என் பட்டியலைத்தான்.

"ஏழு நாளைக்கு ஏழு சீலையோ? இதிலை நாலு புதுசு எண்டு எழுதிக் கிடக்கு. விக்கவோ கொண்டு வந்தனீங்கள்?"

சித்தப்பா கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என் கையெழுத்தால் சித்தியின் சேலைகள் போகப்போகின்றன என்று எனக்கு அழுகை முட்டியது. சித்தி மட்டும் பதறவில்லை. ஒவ்வொரு சேலையாக விரித்து, உள்ளிருந்த ரவிக்கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக் காட்டினாள்.

"பாருங்க ஐயா. விக்கிறவ எவளாச்சும் தன் அளவுக்கு ரவிக்கை தச்சு வச்சுக் கொண்டாருவாளா?"

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் கை பெட்டியின் அடிவரை போய், அங்கே விரித்திருந்த தாளுக்குக் கீழேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தது. உள்ளே அரக்குப் பட்டுச் சேலை. ரவிக்கை இல்லை.

"அப்ப, இது?"

"அது பட்டியல்ல இல்ல!" என்று நான் கத்தியேவிட்டேன்.

சித்தி அதை வாங்கிப் பார்த்தாள். முந்தானை ஓரத்தில் பழைய மஞ்சள் கறை இருந்தது. நாங்கள் பெட்டி அடுக்கும்போது அது அங்கே இல்லை.

"எங்க அக்கா சேலைங்க. கல்யாணத்துக்குக் கட்டுனது."

"அக்கா வரேல்லையோ?"

"வரல."

"ஆள் வரேல்லை, சீலை மட்டும் வந்திட்டுது" என்று சொல்லி அவர், போகலாம் என்பதற்கு அடையாளமாக, பெட்டியின் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். எல்லோரும் சிரித்தார்கள், சித்தி சிரிக்கவில்லை. அந்தச் சேலையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் பெட்டியை மூடினாள்.

பேராதனையில் இளம்பச்சை கட்டவேண்டிய நாளில் சித்தி அரக்குச் சேலையில் வந்து நின்றாள், பொருந்தாத வெள்ளை ரவிக்கையோடு. கூலிங்கிளாஸும் குடையுமாக மற்ற பெண்கள் நடந்த இடத்தில் எனக்கு அவமானமாக இருந்தது.

"சித்தி, இது பட்டியல்ல இல்லியே?"

"அப்ப பட்டியலத் திருத்திக்க" என்று சொல்லிவிட்டு அவள் பெரிய மூங்கில் புதருக்குப் பக்கத்தில் படத்துக்கு நின்றாள். கண்டி ஏரிக்கரையிலும் அதே சேலை. கொழும்பில் காலிமுகத்திடல் கடற்கரையில் ஓர் அலை வந்தபோது எல்லோரும் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிதானம் தவறாத என் சித்தி அரக்குச் சேலையோடு அசையாமல் நின்று நனைந்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் பட்டியலைப் பார்த்துச் சாமான்களைச் சரிபார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அரக்குச் சேலையை அம்மாவிடம் கொடுத்தேன்.

"இத எங்கெங்க கட்டுனா?" என்று கேட்டாள் அம்மா.

அழுக்காகியிருக்குமோ என்று கவலைப்படுகிறாள் என நினைத்து வரிசையாகச் சொன்னேன். "பேராதனை, கறை இல்ல. கண்டி ஏரி, கறை இல்ல. காலிமுகத்திடல், சேலைக் கரையில ஒரு முழம் நனைஞ்சு உப்புப் பூத்திருக்கு. அலசணும்."

அம்மா நனைந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அப்படியே மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தாள். உப்புப் பட்டால் பட்டு நைந்துபோகும் என்று எனக்குச் சொன்னதே அவள்தான். இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். "அலசலாம், அலசலாம்" என்றாள். பொங்கலுக்கு வீடு ஒழித்து வெள்ளையடித்தபோது எடுத்துப் பார்த்தேன். உப்பு அப்படியே இருந்தது.

இவ்வளவு மறதியா என்று அம்மாமேல் எனக்குக் கோபமே வந்தது. 'அரக்குச் சேலை: அலச வேண்டும்' என்று ஒரு சீட்டெழுதிப் பெட்டி மூடியில், பழைய பட்டியலுக்குக் கீழே ஒட்டினேன். அம்மா சீட்டைக் கிழிக்கவும் இல்லை, சேலையை அலசவும் இல்லை.