உச்சிக்கு ஒரு சாண்

நேற்று நாகர்கோவிலில், ஒரு துணிக்கடைக்குப் பின்னால், யாருடைய காரோ கிளம்ப மறுத்துக்கொண்டிருந்தது. கர்ர்... கர்ர்... எஞ்சின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் வறட்டுத் தொண்டையில் இழுக்கும் அந்தச் சத்தம். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு மணி பார்த்தேன். பன்னிரண்டே கால். என் ஒன்பது வயது வந்து பிடரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கோடை விடுமுறையில் என்னை இராஜாக்கமங்கலத்துப் பெரியம்மா வீட்டில் கொண்டு விட்டிருந்தார்கள். துணைக்கு என்றார்கள். பெரியப்பா தை மாதம் இறந்திருந்தார், பிள்ளைகள் இல்லை, அவ்வளவு பெரிய வீட்டில் பெரியம்மாவும் கடற்காற்றும்தான். ஜன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும், நக்கிப் பார்த்திருக்கிறேன். வாசலுக்கு எதிரே, நெல் காயப்போடும் சிமெண்ட் களத்துக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகையில் பெரியப்பாவின் வெள்ளைக் கார் எங்களையே பார்த்தபடி நின்றது.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் சாப்பிட உட்கார்ந்தபோது கார் கனைத்தது. கர்ர். ஒரே ஒரு தடவை. காரில் யாரும் இல்லை. சாவி எனக்கு நேர் எதிரே சுவரில், ஆணியில், ஆடாமல் தொங்கியது. பெரியம்மா கையில் எடுத்த சோற்றோடு வாசலைப் பார்த்தாள்.

"அவரு சாப்பிட வாற நேரம்," என்றாள். பிறகு எனக்கு மோர் ஊற்றினாள்.

மறுநாளும் கனைத்தது, அதற்கு அடுத்த நாளும். கனைத்ததோடு நின்றிருந்தால் பழகியிருப்பேன். அது நகர்ந்தது. ஒவ்வொரு உச்சிக்கும் ஒரு சாண். முன்சக்கரத்துக்கு முன்னால் செங்கல் துண்டால் கோடு போட்டு வைப்பேன். மறுநாள் கோடு சக்கரத்துக்கு அடியில் கிடக்கும். கொட்டகையை விட்டு வெளியே வந்தது, களத்தில் ஏறியது. எங்கள் வாசற்படியை நோக்கி என் கோடுகள் ஏணியைப் போல நீண்டன.

இன்னொன்றையும் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் பெரியம்மா ஒரு குப்பித் தண்ணீரோடு காரிடம் போனாள். பானெட்டைத் தூக்கி, குனிந்து, கைக்குழந்தைக்குப் புகட்டுவதுபோல மெதுவாக ஊற்றினாள். அதன்பிறகு கொட்டகை இருட்டில் ஒரு சிவப்புப் பொட்டு கண் விழித்தே இருந்தது. செத்தவர்களுக்குத் தாகம் அடங்காது என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். சரிதான் போலிருக்கிறது என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

ஓட்ட ஆளில்லாத வண்டி உப்பில் துருப்பிடித்துப் போகும், விற்றுவிடலாம் என்று சொந்தத்தில் எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். பெரியம்மா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாங்குவதற்குக் கொட்டாரம் ஊரிலிருந்து ஒருவர் உச்சி நேரத்தில் வந்தார். காபி டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரம் கார் கனைத்து, அவரைப் பார்த்து ஒரு சாண் வந்தது.

"தானா ஓடுத வண்டிக்கு நான் எதுக்கு?" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனவர்தான்.

அதனால் மாமா வந்தார். பெரியம்மாவின் தம்பி, நாகர்கோவிலில் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர். சரிசெய்து, தானே ஓட்டிக்கொண்டு போய் விற்றுத் தருவதாக ஏற்பாடு.

"மாமா, உள்ள பெரியப்பா இருக்காரு," என்றேன்.

"இருந்தா நல்லதாப் போச்சு ட்டி. கோளாறு எங்கனன்னு அவருட்டயே கேட்டுருவோம்."

மாமா எதையும் கழற்றவில்லை. ஆணியில் சாவியைப் பார்த்து, "அப்ப கோளாறு சாவி போடுத இடத்துல இல்ல," என்றார். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு, கல்யாணப் பந்திக்கு இடம் பிடித்தவர்போல உட்கார்ந்தார். வெயில் ஏறியது. காக்கைகூடக் கத்தவில்லை. உச்சியில் கார் கனைத்தது. அவர் முகத்துக்கு எதிரே நீலமாக ஒரு பொறி தெறித்தது.

"எலி," என்றார் மாமா.

பேட்டரியிலிருந்து வரும் ஒயரும் செல்ஃபுக்குப் போகும் ஒயரும் ஒட்டிப் போகிற இடத்தில் எலி கடித்துத் தோல் போயிருந்தது. உச்சிச் சூட்டில் மேலே சுற்றிய டேப் இளகும், இரண்டும் தொட்டுக்கொள்ளும், செல்ஃப் ஓடும். எஞ்சின் குலுங்கியதும் விலகிவிடும். கியரில் நிற்பதால் அதற்குள் வண்டி ஒரு சாண் நகர்ந்திருக்கும். புது ஒயர் போட்டு முடித்துவிட்டார். ஒரு பேய் எலியாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகுதான் அவர் பேட்டரியை உற்றுப் பார்த்தார். டெர்மினலில் கிரீஸ் புதிதாக மினுங்கியது.

"நாலு மாசமா ஓட்டாத வண்டி. இந்த பேட்டரி இதுக்குள்ள செத்திருக்கணுமே அக்கா?"

"சனிக்கிழமக்கு சனிக்கிழம தண்ணி விட்டு சார்ஜுல போடுவாரு," என்றாள் பெரியம்மா. "அவரு இல்லன்னா போடாண்டாமா?"

மாமா பானெட்டை மூடினார். ஏறி உட்கார்ந்து, நியூட்ரலுக்குத் தள்ளக் கியர்க் கம்பியில் கை வைத்தார். பெரியம்மா ஜன்னல் வழியாகப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வேகத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

"அத மாத்தாத மக்கா. அது அவரு போட்டது."

கை பிரேக் பிடிக்காத வண்டி. பெரியப்பா பின்னால் எடுத்துக் கொட்டகையில் விட்டு, முதல் கியரில் போட்டுத்தான் இறங்குவார். அந்தத் தை மாத மதியமும் அப்படிப் போட்டு இறங்கி, நெஞ்சைத் தடவிக்கொண்டே களத்தைக் கடந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்பியை யாரும் தொடவில்லை.

மாமா கையை எடுத்தார். கிளட்சை மிதித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். இருமி இருமி எஞ்சின் பிடித்தது. ஜன்னலோரம் இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். கார் என் செங்கல் கோடுகளைத் தாண்டி, வாசற்படியை ஒட்டித் திரும்பி, ரோட்டில் இறங்கி, முதல் கியரிலேயே அலறிக்கொண்டு தென்னந்தோப்பைக் கடந்து போயிற்று. நான் கைகொட்டிச் சிரித்தேன்.

"மாமாவுக்கு கியர் மாத்தத் தெரியல பெரியம்மா!"

அவள் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றாள். அலறல் மெலிந்து, நூலாகி, குளத்தங்கரை வளைவில் அறுந்தது. அப்புறமும் நின்றாள். எனக்குப் பசித்தது.

மறுநாள் உச்சியில் ஒன்றும் கனைக்கவில்லை. இரண்டு பேர் கையும் சோற்றில் அப்படியே நின்றது. அத்தனை நாள் காருக்குப் பயந்ததைவிட அன்று அந்த மௌனத்துக்குப் பயந்தேன், ஏனென்று தெரியாமலே.

ஜன்னலோரம் அவர்கள் பேசியது என் காதிலும் விழுந்ததுதான். வண்டியைப் பற்றிய பேச்சு என்று விட்டுவிட்டேன்.

"எதுவரைக்கும் மாத்தாமப் போவ மக்கா?"

"ஒனக்குக் கேக்குத வரைக்கும் மாத்த மாட்டேன் அக்கா."